சத்தத்தை எண்ணுங்கள், அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள்

சைக்கிள் 'டக் டக்' என்றதும் கை தானாக ஸ்பேனருக்குப் போகும். போக விடாதீர்கள். அந்தச் சத்தம் எதோடு கூட வருகிறது என்று முதலில் எண்ணுங்கள்.

பெடல் ஒரு சுற்று வர ஒரு தடவை கேட்டால் கோளாறு பெடலிலோ பெடலைத் தாங்கும் கிராங்கிலோ நடு அச்சிலோ இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தி வண்டியைச் சும்மா உருள விட்டாலும் கேட்கிறதென்றால் சக்கரத்தில் தேட வேண்டும்: ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்), அதிலிருந்து ரிம்முக்குப் போகும் கம்பி, டயர், மட்கார்டு. இரண்டும் இல்லாமல் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, சில நேரம் மூன்று சுற்றுக்கு ஒருமுறை என்று வந்தால் அது செயின். முன் பல்சக்கரத்தில் 44 பல்லும் செயினில் 112 கண்ணியும் இருந்தால், செயின் முழுதாக ஒருமுறை சுற்றி வருவதற்குள் பெடல் இரண்டரைச் சுற்றுக்கு மேல் போய்விடும். அந்தக் கணக்கில் சத்தம் வந்தால் எங்கோ ஒரு கண்ணி இறுகி மடங்க மறுக்கிறது. பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே பின் கியர்ப் பக்கம் பாருங்கள், அந்தக் கண்ணி வரும்போது செயின் ஒரு துள்ளுத் துள்ளும். அதைப் பக்கவாட்டில் இரு கையாலும் முன்னும் பின்னும் வளைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

அக்கா மகன் அடிக்கடி வண்டியை உருட்டிக்கொண்டு வருவான். "மாமா, செயின் மாத்தணும், சத்தம் போடுது" என்பான். "சீட்டில் உட்காராமல் நின்று மிதித்துக் காட்டு" என்பேன். சத்தம் காணாமல் போய்விடும். குற்றவாளி செயின் இல்லை, சீட் கம்பி. அதை வெளியே எடுத்துத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி, பழைய உயரத்திலேயே இறுக்கினால் முடிந்தது. கார்பன் கம்பியாக இருந்தால் மட்டும் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது.

பெடல் சத்தமும் இதே வகைதான். பாதி நேரம் பெடலுக்குள் ஒன்றுமிருக்காது. கிராங்கில் மாட்டும் மரை காய்ந்துபோய் முனகும். கழற்றி, துடைத்து, மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பது தெரிந்திருக்கும், ஆனால் அவசரத்தில் குழம்பும். குழம்பாமல் இருக்க ஒரு வழி: ஸ்பேனரைப் பெடல் அச்சில் செங்குத்தாக மேல் நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். எந்தப் பக்கமானாலும் அதன் தலையை வண்டியின் பின்பக்கம் தள்ளினால் கழலும், முன்பக்கம் தள்ளினால் இறுகும்.

ஹப்: ஆட்டமா, கோட்டமா

சக்கரம் ஆடுகிறது என்று சொல்பவர்கள் இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரால் சொல்கிறார்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும்போது ரிம் பிரேக் கட்டையின் பக்கம் வந்து வந்து போனால் அது கோட்டம், கம்பி விவகாரம். சுழற்றாமல், ரிம்மைப் பிடித்து இடதும் வலதுமாக அசைத்தால் 'கொடக்' என்று இடித்தால் அது ஆட்டம், ஹப்பில் கோன் (அச்சில் திருகி, பேரிங் குண்டுகளை அமுக்கிப் பிடிக்கும் கூம்பு நட்டு) தளர்ந்திருக்கிறது. ஆட்டத்துக்குக் கம்பியை இறுக்கினாலும் கோட்டத்துக்குக் கோனை இறுக்கினாலும் வேலை கெடும். முன் சக்கரமென்றால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது இடித்தால், தளர்ந்திருப்பது ஹேண்டில்பார் தலைப் பேரிங்காகவும் இருக்கலாம்.

அடுத்து கரகரப்பு. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, ஃபோர்க்கின் மேலோ பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபிரேம் கம்பிகளின் மேலோ விரல் நுனியை வையுங்கள். நல்ல ஹப்பில் ஒன்றும் தெரியாது. மணல் புகுந்த ஹப்பில் விரலுக்கு நறநறப்பு ஏறும். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றி அச்சை இரண்டு விரலால் திருப்புங்கள். நறநறத்தால் கிரீஸ் அழுக்கு. குறிப்பிட்ட இடங்களில் விழுந்து எழுந்தால் கோனிலோ, குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பிலோ குழி விழுந்துவிட்டது. சீராக, ஆனால் கனமாகத் திரும்பினால் கோன் அதிகமாக இறுகியிருக்கிறது. நான் பார்த்தவரை வீட்டு ஹப்புகள் பலவும் செத்தது இந்த மூன்றாவதில்தான். லேசான ஆட்டத்தோடு ஒரு மாதம் ஓடிய ஹப்பைக் காப்பாற்றலாம், அளவுக்கு மீறி இறுக்கி ஓட்டிய ஹப்பில் குண்டுகள் கோனைத் தோண்டிவிடும்.

கோன் வைத்த ஹப்பைப் பிரிக்கத் தட்டையான கோன் ஸ்பேனர் கட்டாயம். முன்பக்கம் பெரும்பாலும் 13 மி.மீ., பின்பக்கம் 15. சாதாரண ஸ்பேனர் தடிமனாக இருப்பதால், கோனை நகராமல் பூட்டும் லாக் நட்டுக்கும் கோனுக்கும் நடுவே நுழையாது, நுழைத்தே ஆவேன் என்று முயன்றால் கோனின் முகம்தான் மழுங்கும். ஒரு பக்கத்து லாக் நட்டையும் கோனையும் மட்டும் கழற்றுங்கள். பின் சக்கரத்தில் அது இடது பக்கமாக இருக்கட்டும். மறுபக்கம் அச்சோடு அப்படியே நிற்கட்டும். அப்படிச் செய்தால் திரும்ப மாட்டும்போது அச்சு இரு பக்கமும் எவ்வளவு நீண்டிருந்தது என்று அளக்கும் தொல்லை இல்லை.

அச்சை உருவுவதற்கு முன் கீழே ஓரம் வைத்த தட்டு ஒன்றை வையுங்கள். பால்ரஸ் குண்டு தரையில் உருண்டால் பீரோவுக்கு அடியில்தான் போய் நிற்கும். வழக்கமாக முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலக் குண்டுகள். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டுகள். உங்கள் ஹப்பில் வேறு எண்ணிக்கை இருந்தால் அதுதான் சரி, வெளியே வந்ததை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வாஷர்கள் வந்த வரிசையை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டுகள் ஓடிய தடம் பளபளப்பான ஒரு வளையமாகத் தெரியும். அது வழுவழுப்பாக இருந்தால் ஆயுள் பாக்கி இருக்கிறது. அதில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் தெரிந்தால் கோனை மாற்ற வேண்டியதுதான், எந்த கிரீஸும் அதை மூடாது. அதே புள்ளிகள் ஹப்பின் உள்ளே கப்பில் இருந்தால் பல ஹப்புகளுக்கு அதோடு கதை முடிந்தது. குண்டுகளை மட்டும் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒரு பக்கத்துக்கு முழுதும் ஒரே பாக்கெட்டில் இருந்து போடுங்கள். பழையதில் நாலு, புதியதில் ஐந்து என்று கலந்தால் மயிரிழை பெரிதாக இருக்கும் குண்டுகளே எடை முழுவதையும் தாங்கும், சீக்கிரம் உடையும்.

கப்பில் தாராளமாக கிரீஸ் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள். கடைசியில் இன்னொன்று நுழையும் போல இடைவெளி தெரியும். நுழைக்காதீர்கள், அந்த இடம் அவை உருள்வதற்கு. சாதாரண லித்தியம் கிரீஸ் போதும்.

இனி வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கோனைக் கையால் குண்டுகளைத் தொடும்வரை திருகி, கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்துங்கள். கோனைக் கோன் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட்டு இறுகும்போது மரையில் இருக்கும் சொச்ச இடைவெளி மூடி, கோன் ஒரு நூலளவு உள்ளே தள்ளப்படும். அதனால்தான் முன்கூட்டியே கொஞ்சம் தளர்வு விடுகிறோம். முதல் முயற்சியில் சரியாக அமையாது, அமைய வேண்டிய அவசியமும் இல்லை. தளர்த்தி, எட்டில் ஒரு பங்கு திருப்பி, மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

நட்டு போட்டு மாட்டும் அச்சு என்றால் ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. நெம்புகோல் மடக்கி மாட்டும் குவிக் ரிலீஸ் அச்சு என்றால் கையில் இருக்கும்போது கடுகளவு ஆட்டம் விட வேண்டும். நெம்புகோலை மடக்கும்போது உள்ளே போகும் கம்பி அச்சையே சிறிது அமுக்கும், அந்த ஆட்டம் அப்போது மறையும். இது தெரியாமல் கையிலேயே ஆட்டமின்றி வைத்து மாட்டினால், வண்டியில் ஏறியதும் ஹப் நெரிபடும்.

மாட்டிய பிறகு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுங்கள். முன் சக்கரமாக இருந்தால் வால்வோ பிரதிபலிப்பானோ, எது கனமோ அது தானே கீழே இறங்கி, ஊஞ்சலாடி, நிற்க வேண்டும். பாதியில் நின்றால் பிரேக் உரசுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கோன் இன்னும் இறுக்கம்.

சீல் செய்த பேரிங் வைத்த ஹப்பில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. கரகரத்தால் மேலே இருக்கும் சீல் மூடியை மெல்லிய கத்தி முனையால் நெம்பி, பழைய கிரீஸைக் கழுவி, புதிது வைத்து மூடிப் பார்க்கலாம். அப்படியும் போகவில்லையென்றால் சீலின் மேல் எழுதியிருக்கும் 6001, 6902 போன்ற எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்கினால் போதும், பேரிங் அளவு முழுதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. புதியதை அடித்து ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் புதுப் பேரிங் ஓடுவதற்கு முன்னாலேயே பழையதாகிவிடும்.

ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த வண்டிகளும், பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் ஹப்புகளும் வேறு உலகம். அவற்றை இங்கே தொடவில்லை. இன்னொன்று: வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி சைக்கிள் கழுவுவதை நான் எதிர்க்கிறவன். அழுக்கு வெளியே போவதைவிடத் தண்ணீர் ஹப்புக்குள்ளே போவதுதான் அதிகம். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

செயின்

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். தகடு எதுவும் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் (கண்ணிகளைக் கோக்கும் சிறு ஆணி) உரசும் இடம் கொஞ்சம் தேய்கிறது, அத்தனை தேய்மானமும் கூடி மொத்த நீளமாகத் தெரிகிறது. 1880இல் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் (பின்னைச் சுற்றி நிற்கும் சிறு குழல்) வைத்த உருளைச் செயினுக்குக் காப்புரிமை வாங்கியதே இந்தத் தேய்மானத்தைப் பரவலான பரப்பில் தாங்க வைக்கத்தான். இன்றைய கியர் செயின்களில் தனிப் புஷ் இல்லை, உள் தகட்டின் துளை விளிம்பே உள்நோக்கி மடிந்து அந்த வேலையைச் செய்கிறது. ஆக, எண்ணெய் போக வேண்டிய இடம் வெளியே பளபளக்கும் தகடு இல்லை. உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சந்து.

தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி இருந்தால் நல்லது, அங்குலம் போட்ட இரும்பு ஸ்கேலும் போதும். சைக்கிள் செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. செயினை மிதித்து இழுத்த நிலையில் வைத்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை நிறுத்துங்கள். அதிலிருந்து 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நின்றால் செயின் புதிது. 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மி.மீ. தாண்டியிருந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது. 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் செயினோடு பின் பல்சக்கரங்களும் பெரும்பாலும் போய்விட்டன. தேய்ந்த செயின் பல்லைத் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். புதுச் செயின் போட்டதும் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது 'படார்' என்று பல் தாவினால் காரணம் அதுதான். புதுச் செயினைக் குறை சொல்லாதீர்கள், அது சரியான அளவில் இருப்பதால்தான் தேய்ந்த பல்லோடு பொருந்தவில்லை. கியர் இல்லாத வண்டிக்கு இந்தக் கண்டிப்பு அவ்வளவு தேவையில்லை. அங்கே செயின் தடிமன், பல்லும் தடிமன்.

எண்ணெய் போடுவதைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. அழுக்குச் செயினுக்கு எண்ணெய் போடாதீர்கள். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அது அரைக்கும் பசை. மண்ணெண்ணெய் தொட்ட துணியில் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்றுங்கள், துணி கறுப்பதை நிறுத்தும்வரை துணியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ரொம்ப மோசமென்றால் செயினைக் கழற்றி, மூடி போட்ட பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் குலுக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, பெட்ரோல் வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு, செயினின் கீழ் ஓட்டத்தில், பல்லைத் தொடும் உட்பக்கத்தில், உருளைக்கு ஒரு சொட்டு. பெடலைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் உலர்ந்துபோகும்வரை துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் தூசியைக் கூப்பிடுவதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டும், அழுக்கை இளக்கும், அதன் சாதாரண வகை செயினுக்கு எண்ணெயாக நிற்காது. கிரீஸைச் செயினின் வெளியே பூசுவது எதிர்பார்ப்பதற்கு நேர் எதிரான பலன் தரும், அந்தச் சந்துக்குள் அது போகாது. மழையில் நனைந்து வந்தால் அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள். குருவி கீச்சிடுவது போன்ற சத்தம் கேட்டால் நாள் தாண்டிவிட்டது.

கியர் இல்லாத வண்டியில் செயின் தளர்வும் கணக்கு. மேல் ஓட்டத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும். ஆனால் முன் பல்சக்கரம் எந்த வண்டியிலும் துல்லியமான வட்டமாக மையத்தில் இருப்பதில்லை, சுற்றும்போது ஓர் இடத்தில் செயின் இறுகும். அந்த இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளவு பாருங்கள். தளர்ந்த இடத்தில் அளந்து வைத்தால் இறுகும் இடத்தில் ஹப்பும் நடு அச்சும் வலியில் கத்தும். அதே வண்டியின் செயின் பூட்டில் குதிரை லாட வடிவ கிளிப் இருக்கும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கட்டும், திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது சிக்கிக் கழன்று விழும். கியர் செயினில் மாஸ்டர் லிங்க் (இரு முனைகளையும் கோக்கும் தனி இணைப்புக் கண்ணி) போட்டுவிடுங்கள், கழற்றிய அதே பின்னைத் திரும்ப அடிப்பது மெல்லிய செயினில் ஆபத்து.

புதுச் செயினை வெட்டும்போது பழையதைப் பக்கத்தில் தொங்கவிட்டு, நீளத்தைப் பார்க்காமல் கண்ணிகளை எண்ணி எடுக்க வேண்டும். பழையது தேய்ந்து நீண்டிருக்கும் அல்லவா.

மிதி வழுக்குகிறது

இதிலும் இரண்டு நோய் இருக்கிறது. பல் தாவுவதை மேலே சொன்னேன். மற்றது, மிதிக்கும்போது பெடலும் செயினும் பின் பல்சக்கரமும் ஒழுங்காக முன்னே சுற்ற, சக்கரம் மட்டும் சும்மா நிற்பது. இங்கே ஃப்ரீவீலுக்குள் (மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே உருள விடும் பின் பல்சக்கரத் தொகுதி) இருக்கும் சிறு நாக்குகள் எழுந்து பல்லைப் பிடிக்கவில்லை. பழைய கிரீஸ் பிசினாகி நாக்கை ஒட்டவைத்திருக்கும். சக்கரத்தைப் படுக்கவைத்து, சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் நடுவே இருக்கும் கோட்டில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பல்சக்கரத்தைப் பின்புறமாகச் சுற்றுங்கள். கீழே கறுப்பாக வடியும். வடிவது தெளிந்ததும் உலரவிட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், குளிர்ந்தால் அது மறுபடி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீவீலைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வரும். உள்ளே சின்னஞ்சிறு குண்டுகள் ஏராளம், முக மூடிக்கு மரை தலைகீழ். பொழுது போகாதவர்களுக்கு நல்ல வேலை.

ஃப்ரீவீலை ஹப்பில் இருந்து கழற்றுவதற்கு அதற்குரிய ரிமூவரும் பெரிய ஸ்பேனரோ வைஸோ வேண்டும். ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கியபடியே இருந்திருக்கிறது. ரிமூவரை அச்சு நட்டால் பிடித்துவைத்து, இடதுபுறமாகத் திருப்புங்கள், அசைந்ததும் நட்டைத் தளர்த்திவிடுங்கள்.

கியர் மாறாமல் திணறினால் டீரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) எச், எல் என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூக்களின் மேல் கை வைக்காதீர்கள். அவை செயின் கம்பிக்குள் விழாமலும் வெளியே விழாமலும் காக்கும் எல்லைச் சுவர்கள், அவ்வளவுதான். பின்னால் நின்று பாருங்கள்: டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்குகின்றனவா? கீழே விழுந்த வண்டியில் அது மாட்டியிருக்கும் கொக்கி உள்ளே வளைந்திருக்கும், அதை நிமிர்த்தாமல் எந்த ஸ்க்ரூவும் உதவாது. நேராக இருந்தால் கேபிள் முனையில் இருக்கும் திருகு குழலைப் பாருங்கள். பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால் இடப்புறமாக அரைச் சுற்று, ஏறி மறுபடி தாண்டினால் வலப்புறமாக. ஏறும்போது சரியாக ஏறி, இறங்கும்போது மட்டும் தாமதித்தால் இழுவைக் குறை இல்லை, கேபிள் உறைக்குள் துரு. கேபிளை மாற்றுங்கள்.

டயர்: ஓட்டையைப் படியுங்கள்

1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கிய நாளில் இருந்து மனிதன் பஞ்சர் பார்த்துக்கொண்டிருக்கிறான். பஞ்சர் ஒட்டுவது எளிது, ஏன் ஆனது என்று பார்க்காமல் ஒட்டுவதால்தான் மறுநாளும் ஒட்ட வேண்டி வருகிறது. டயரைக் கழற்றும்போது டியூப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். நான் டயரின் பெயர் எழுதிய இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்துத்தான் மாட்டுவேன். ஓட்டை வால்விலிருந்து எத்தனை ஜாண் என்று பார்த்தால் டயரில் முள் எங்கே நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வெளிப்பக்கத்தில் ஒற்றை ஓட்டை: முள், கண்ணாடி, கம்பி. டயரின் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள், துணி சிக்கும் இடத்தில் இருக்கிறது. வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை: காற்று குறைவாக இருந்து, குழியிலோ கல்லிலோ ரிம் விளிம்பு டியூபை நசுக்கியிருக்கிறது. உட்பக்கத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை: ரிம் டேப் விலகி கம்பி முனை குத்துகிறது, டேப்பைச் சரிசெய்யாமல் டியூபை மாற்றுவது வீண். வால்வின் அடியில் கிழிசல்: குறைந்த காற்றில் டயர் நழுவி டியூபை இழுத்திருக்கிறது, அது ஒட்டாது. தண்ணீரில் முக்கியும் குமிழி வரவில்லையா? வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். பழைய வகை டன்லப் வால்வென்றால் உள்ளே இருக்கும் வால்வு டியூப் உளுத்துப்போயிருக்கும், புதிது மாட்டினால் போதும்.

ஒட்டும்போது அவசரப்படுகிறவர்கள் சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைத்துவிடுகிறார்கள். உப்புத்தாளால் பேட்சைவிடப் பெரிய இடத்தைத் தேயுங்கள். டியூபில் ஓடும் அச்சுக் கோடு அந்த இடத்தில் இருந்தால் அது மட்டமாகும்வரை தேயுங்கள், இல்லாவிட்டால் காற்று அந்தக் கோட்டோரமாகவே வெளியேறும். சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, பளபளப்பு மறையும்வரை, ஐந்து நிமிடமாவது, தொடாமல் காத்திருங்கள். பிறகு பேட்சை நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஓரத்தில் வழிந்த சொல்யூஷன் டயரில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் டால்கம் பவுடர்.

டயரை ஏற்றும்போது லீவர் போடாமல் முடிக்கப் பாருங்கள், லீவரே புது ஓட்டை போடும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் ஏற மறுத்தால், ஏற்கெனவே ஏறிய பக்கத்தை இரு கையாலும் கிள்ளிக் கிள்ளி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள். அங்கே விட்டம் குறைவு, அதனால் இங்கே இடம் கிடைக்கும். முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுங்கள், அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். பாதிக் காற்றில் நிறுத்தி, டயர் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு முழுதாக அடியுங்கள்.

எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கத்தில் எல்லை எழுதியிருக்கும், அதற்குள் இருங்கள். 28 மி.மீ. ரோடு டயருக்கு 70 முதல் 90 பிஎஸ்ஐ, 35, 40 மி.மீ. டயருக்கு 45 முதல் 65, இரண்டு அங்குலத் தடிமனுக்கு 30 முதல் 45 என்ற அளவில் ஆரம்பித்து உங்கள் எடைக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள், மெல்லிய டயர் பாதிக் காற்றிலும் கல் மாதிரி தெரியும்.

புது டயர் வாங்கும்போது அங்குலத்தைச் சொல்லி வாங்காதீர்கள். 28 அங்குலம் என்ற பெயரில் 622 மி.மீ. விட்டமும் உண்டு, பழைய கம்பி பிரேக் வண்டிகளின் 635 மி.மீ. விட்டமும் உண்டு. 26 அங்குலத்திலும் அதே சிக்கல்: 26 x 1.95 என்றால் 559, 26 x 1 3/8 என்றால் 590. இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய டயரின் ஓரத்தில் 37-622 என்பது போல இரட்டை எண் இருக்கும். முதலாவது தடிமன், இரண்டாவது ரிம்மில் அமரும் விட்டம். இரண்டாவது எண் அப்படியே இருக்க வேண்டும், முதலாவதில் சின்ன வித்தியாசம் பரவாயில்லை.

கோட்டத்தைப் பற்றி ஒரு வரி பாக்கி. ரிம் இடது பக்கம் வரும் இடத்தில், வலது பக்க ஹப்பிலிருந்து வரும் கம்பியின் நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) கால் சுற்று இறுக்கி, பக்கத்து இடது கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். பிரேக் உரசித் தேய்ந்த ரிம் ஓரம் உள்வாங்கியோ விரிசலாகவோ இருந்தால் கோட்டம் எடுக்க உட்காராதீர்கள், ரிம்மை மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டியதும் சக்கரம் ஃபோர்க்கில் நடுவில் நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பாருங்கள். முதல் ஓட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும், பையில் 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்று. திரும்பி வந்ததும் அச்சு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, ரிம்மைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புதுக் குண்டுகள் அமர்ந்தபின் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தால் கோனை எட்டில் ஒரு பங்கு உள்ளே திருப்பி லாக் நட்டை மறுபடி இறுக்குங்கள்.